விண்வெளி ஆராய்ச்சிக்கு அரசு ஏன் கூடுதல் பணம் போட வேண்டும்?

லாபம் எப்போது வரும் என்றே தெரியாத ஆராய்ச்சிக்கு நம் வரிப்பணத்திலிருந்து போடும் முதல்தான் அரசு நிதி. ஏரியைத் தூர்வாருவது மாதிரி. தனி ஒருவர் செலவழிக்க மாட்டார், தண்ணீர் மட்டும் எல்லோர் வயலுக்கும் பாயும்.

1999-இல் ஒடிசாவைத் தாக்கிய புயலில் கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். 2019-இல் அதே ஒடிசாவுக்கு ஃபானி புயல் வந்தபோது, செயற்கைக்கோள் படங்களின் உதவியால் பாதையை முன்பே கணித்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் 100-க்கும் குறைவு. (புயல் பாதுகாப்பு மையங்களுக்கும் இதில் பங்குண்டு.) அப்படியும் இந்தியா எல்லாத் துறை ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதம்கூட இல்லை.

அப்புறம், “கோடிகளை நிலாவில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்” என்பார்கள். மேலே போனது இயந்திரம்தான். சந்திரயான்-3-க்கு ஆன சுமார் 600 கோடி ரூபாயில் பெரும்பகுதி இங்கேயேதான் செலவானது.