மாஸ்டர் சீஃப் கவசம், ஏ4 தாளில்: கேள்வி பதில்

விளையாட்டுக் கதாபாத்திரங்களின் உடையைக் காகிதத்தில் மடித்துச் செய்வது பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி 'ஹேலோ'வின் மாஸ்டர் சீஃப்பைச் சுற்றித்தான் இருந்தன. 2001இல் முதல் எக்ஸ்பாக்ஸோடு வந்த விளையாட்டு அது. தகடு தகடாக, முனை முனையாக இருக்கும் அந்தப் பச்சைக் கவசம் காகிதத்துக்கென்றே வரைந்தது போல இருக்கும். அதனால் நானும் அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

அண்ணா, பெப்பகுரா என்றால் ஒரிகாமி மாதிரியா? கத்தரிக்கோல் வேண்டாமா? (கல்லூரி முதலாண்டு மாணவர், கோவை)

இல்லை தம்பி. ஒரிகாமியில் ஒரே தாளை வெட்டாமல் மடிப்பார்கள். இங்கே வெட்டும் வேலைதான் அதிகம். விளையாட்டில் இருக்கும் முப்பரிமாண உருவத்தை மென்பொருள் பிரித்து, தட்டையான துண்டுகளாகத் தாளில் விரித்துக் கொடுக்கும். அச்சடித்து, வெட்டி, கோட்டில் மடித்து, ஓரத்தில் இருக்கும் காதுகளில் பசை தடவி, ஒரே எண் உள்ள விளிம்புகளை ஒட்டினால் உருவம் திரும்ப எழுந்து நிற்கும். ஜப்பானின் டாமாசாஃப்ட் வெளியிடும் 'பெப்பகுரா டிசைனர்' என்ற மென்பொருளின் பெயரே இந்த வேலைக்கும் பெயராகிவிட்டது. இடைவெளி விட்ட கோடு வெளிப்பக்கம் கூம்பும் மடிப்பு. நடுவில் புள்ளி வைத்த கோடு உள்ளே குழியும் மடிப்பு. இந்த இரண்டையும் மாற்றி மடித்தால் மூக்கு உள்ளே போய்விடும், அவ்வளவுதான் விஷயம்.

முதலில் ஹெல்மெட்டா, மார்புக் கவசமா? (அதே மாணவர்)

இரண்டும் வேண்டாம். முன்கைக் கவசத்தில் தொடங்குங்கள். ஹெல்மெட் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அதில் நகம் அளவுத் துண்டுகள் நிறைய. முன்கை கிட்டத்தட்ட ஒரு குழாய். ஒரே உட்காரலில் முடியாவிட்டாலும் வாரக் கடைசிக்குள் முடிந்துவிடும். மடிப்பு, பசை, ரெசின் (காகிதத்தை இறுக்கும் திரவம்), பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) எல்லாவற்றையும் ஒரு சின்ன சாமானில் கற்றுக்கொள்ளலாம். கெட்டுப்போனால் நஷ்டம் நாலைந்து தாள்.

என் உயரம் 170 செ.மீ. ஃபைலை எத்தனை சதவீதம் குறைப்பது? (ஐ.டி. ஊழியர், சென்னை)

இந்தக் கேள்வியை அச்சடிப்பதற்கு முன்னால் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் எல்லாம் ஒட்டி முடித்து, தலை நுழையவில்லை என்றுதான் எழுதுகிறார்கள்.

கவசத்தோடு மாஸ்டர் சீஃப்பின் உயரம் ஏழடியைத் தாண்டும், ஏறத்தாழ 218 செ.மீ. 170ஐ 218ஆல் வகுத்தால் 0.78 வரும். அந்த 0.78ஐ எல்லா பாகத்துக்கும் போட்டால் தாடை அகன்றவருக்கு ஹெல்மெட் இறுகும், தொடை பருத்தவருக்குத் தொடைக் கவசம் ஏறாது. அவர் உடல்வாகு நம் உடல்வாகு இல்லையே. அதனால் 0.78 ஒரு தொடக்கப் புள்ளி மட்டும். கெண்டைக்கால் கவசத்துக்கு முழங்காலிலிருந்து கணுக்கால் வரையிலான நீளத்தையும், தொடைக்குச் சுற்றளவையும், மார்புக்குத் தோள் அகலத்தையும் அளந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் தனி அளவு போடுங்கள்.

ஹெல்மெட்டுக்குக் கணக்கு இப்படி: காதோடு காது உங்கள் தலை 16 செ.மீ. அகலம் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் 1 செ.மீ. பஞ்சு, அப்புறம் காகிதத்துக்கும் உள்ளே ஒட்டும் ஃபைபருக்கும் (கண்ணாடி இழை) பக்கத்துக்கு அரை செ.மீ. ஆக 19. மென்பொருள் காட்டுவது வெளி அளவு, அதுவும் காதுப் பக்கத் துருத்தல்களையெல்லாம் சேர்த்து. எனவே நீங்கள் தேட வேண்டியது உள்ளே மிகக் குறுகலான இடம். அது பெரும்பாலும் கழுத்து வாய்தான். அந்த வாய் வளையத்தை மட்டும் முதலில் சாதாத் தாளில் அச்சடித்து ஒட்டி, மூக்குக் கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு, தலையை நுழைத்துப் பாருங்கள். இடித்தால் முழு ஹெல்மெட்டையும் ஊதிப் பெருக்காதீர்கள். பின்பக்கத்தைத் தனித் துண்டாக வெட்டி காந்தம் வைத்து மூடலாம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய ஹெல்மெட் போட்டால் வீரன் போலத் தெரியாது, தலையாட்டி பொம்மை போலத்தான் தெரியும்.

இன்னொன்று. அச்சடிக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் பழக்கத்தில் அழுத்திவிடுவார்கள். முதல் தாள் வந்ததும் ஒரு கோட்டை ஸ்கேலால் அளந்து சரிபார்த்த பிறகு மற்ற தாள்களை ஓடவிடுங்கள்.

என்ன தாள், என்ன பசை? (பலர்)

180 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை உள்ள ஐவரி அட்டை. அதற்கு மேல் போனால் சின்ன மடிப்புகள் வெடிக்கும், வீட்டு பிரிண்டரும் சிக்கும். சாதா ஏ4 தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான். ரெசின் பட்டதும் தொய்ந்துவிடும். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். ஃபெவிகால் போதும், ஆனால் பல்குச்சியால் மெல்லியதாக. அதிகமானால் ஈரத்தில் அட்டை நெளியும். ஃபெவிக்விக் வேகமானது, ஆனால் கோணலாக ஒட்டினால் மறுபடி பிரிக்க முடியாது. மழைக்காலத்தில் பாதி முடித்த வேலையை மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

தட்டையான பரப்பிலும் கோடு கோடாக அச்சாகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஏறக்குறைய தட்டையான மடிப்புகளின் கோட்டை மறைக்க மென்பொருளிலேயே வசதி உண்டு. அதைப் போட்டால் பாதி வேலை குறையும்.

என்னிடம் விண்டோஸ் இல்லை.

ப்ளெண்டர் இருக்கிறதே, இலவசம். அதில் 'எக்ஸ்போர்ட் பேப்பர் மாடல்' என்ற துணைநிரல் இதே வேலையைச் செய்து பி.டி.எஃப். ஆகக் கொடுக்கும். பெப்பகுராவின் வசதிகள் எல்லாம் இருக்காது, ஆனால் வேலை நடக்கும்.

சேமஸ் உடை செய்ய ஆசை. தோள் உருண்டை சரியாகவே வரவில்லை, ஏன்? (பள்ளி ஆசிரியை, மதுரை)

தப்பு உங்கள் கையில் இல்லை மேடம், கணிதத்தில் இருக்கிறது. உருளையையும் கூம்பையும் வெட்டித் தட்டையாக விரிக்க முடியும். கோளத்தை முடியாது, எப்படி வெட்டினாலும் எங்கோ இழுக்கும், எங்கோ சுருங்கும். ஆகவே மென்பொருள் அதைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக உடைக்கிறது. முக்கோணம் சிறுக்கச் சிறுக்க உருண்டை அழகாகும், உங்கள் விரல் தேயும். 'மெட்ராய்ட்' விளையாட்டின் நாயகி சேமஸின் தோள் இரண்டு பெரிய உருண்டைகள். அதற்குக் காகிதத்தை வற்புறுத்தாதீர்கள். பெரிய தெர்மகோல் பந்து அல்லது பிளாஸ்டிக் பேசின் வாங்கி அதன் மேல் பட்டி போடுங்கள். மற்ற பாகங்கள் காகிதத்தில் நன்றாகவே வரும்.

ஒரு எச்சரிக்கை: தெர்மகோலைப் பாலியெஸ்டர் ரெசின் கரைத்துவிடும். இடையில் காகிதமும் ஃபெவிகாலுமாக ஒரு தோல் வேண்டும்.

ரெசின் எப்படிக் கலப்பது? கடைக்காரர் மூன்று டப்பா கொடுத்தார். (டிப்ளமா மாணவர், திருச்சி)

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

காகிதம் உங்களுக்கு வடிவத்தை மட்டும்தான் தரும். உறுதி தருவது மேலே பூசும் ரெசினும் உள்ளே ஒட்டும் ஃபைபர் பாயும். ஃபைபர் கடைகளில் கிடைக்கும் சாதாரண பாலியெஸ்டர் ரெசினுடன் இறுகச் செய்யும் ஹார்டனர் ஒன்று, அதை வேகப்படுத்தும் கோபால்ட் ஒன்று என இரண்டு சின்ன பாட்டில்கள் தருவார்கள். ஹார்டனர் என்பது எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு. இந்த இரண்டு பாட்டில்களையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை ரெசினில் விட்டு முழுவதும் கலக்கிய பிறகு, வேறு குச்சியால், ஹார்டனரைக் கலக்க வேண்டும். "கோபால்ட் ஏற்கெனவே போட்டது" என்று விற்கும் ரெசினும் உண்டு. வீட்டில் செய்பவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள்; ஒரு ஆபத்து குறையும்.

அளவு: 100 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் 1 முதல் 2 மி.லி. நம் ஊர் வெயிலுக்கு 1 போதும். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். இறுகும்போது சூடாகும்; கிண்ணத்தில் மிச்சம் குவிந்து கிடந்தால் புகையும். மிச்சத்தைக் குப்பைக்கூடையில் கொட்டாமல் தகட்டில் பரப்பி வெளியே வையுங்கள்.

பூசும் முறை: ஹெல்மெட்டின் வாயிலும் முகத் திறப்பிலும் அட்டைக் குறுக்குச் சட்டங்கள் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ரெசின் ஈரத்தில் பக்கங்கள் விரிந்து, விரிந்தபடியே இறுகிவிடும். வெளியே மெல்லிய பூச்சு ஒன்று, காய்ந்ததும் இன்னொன்று. அப்புறம் உள்ளே 300 ஜிஎஸ்எம் ஃபைபர் பாயை உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கிழித்து, பிரஷால் குத்திக் குத்தி ஒட்டுங்கள். பாயின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். ஹெல்மெட்டுக்கு ஒரு அடுக்கு தாராளம். இரண்டு போட்டால் கழுத்து வலிக்கும்.

மறுநாள் மேற்பரப்பு பிசுபிசுவென்று இருக்கிறது என்று கலங்க வேண்டாம். இந்த ரெசினின் மேல்தோல் காற்றுப் பட்டால் முழுதாக இறுகாது. அசிட்டோன் துணியால் துடைத்துவிட்டுத் தேய்க்கலாம். ஆனால் அடிவரை கொழகொழவென்று இருந்தால் ஹார்டனர் குறைந்திருக்கிறது.

இனி மூச்சு. இதில் உள்ள ஸ்டைரீன் ஆவியை என்95 மாஸ்க் தடுக்காது, அது தூசிக்கானது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரைமுக மாஸ்க் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகும். கையுறை நைட்ரைல். ஸ்டைரீன் ஏறத்தாழ 31 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியைக் கிளப்பும். திருச்சியில் மே மாத நிழலே அதைத் தாண்டும். மொட்டை மாடியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில், காலை ஏழு மணிக்கு முன்னால் செய்யுங்கள்.

நாங்கள் ஃப்ளாட்டில் இருக்கிறோம். பால்கனி மட்டும்தான். (பலர், முக்கியமாக சென்னை, பெங்களூர்)

பால்கனியில் பாலியெஸ்டர் வேண்டாம். உங்களுக்கு மட்டும் இல்லை, மேல்வீட்டுக் குழந்தைக்கும் அந்த மூச்சுதான். இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, அதே வரைபடத்தை ஈவிஏ ஃபோமில் (மெத்தென்று வளையும் தடித்த ஷீட்) வெட்டுவது. காதுகளை நீக்கிவிட்டு, விளிம்போடு விளிம்பாக ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசையால் ஒட்டலாம், ரெசினே வேண்டாம். அந்தப் பசைக்கும் காற்றோட்டம் வேண்டும், ஆனால் கொஞ்ச நேரம்தான். ஃபோமின் தடிமன் உள்ளே இடத்தைத் தின்னும், அதனால் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். மார்பு, தொடைக்கெல்லாம் உண்மையில் ஃபோம்தான் மேல். வளையும், விழுந்தால் உடையாது. கூர்மையான விளிம்பு வேண்டிய ஹெல்மெட்டுக்கு மட்டும் நான் காகிதத்தை விடமாட்டேன்.

இரண்டாவது, காகிதக்கூழ் கொலு பொம்மை செய்பவர்களின் பக்கம் போவது. வெளியே கிளியர் லாக்கர் ஸ்ப்ரே ஒரு கை அடித்து ஈரம் ஏறாமல் செய்துவிட்டு, உள்ளே மருந்துக்கடை காஸ் துணியைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுங்கள். ஒவ்வொரு அடுக்கும் நன்றாகக் காய வேண்டும். நாளாகும். ரெசின் அளவு உறுதி வராது, ஒரு நாள் விழாவுக்குத் தாராளமாகத் தாங்கும்.

இன்னொரு வகை ரெசினான எபாக்ஸிக்கு வாடை குறைவுதானே என்று கேட்பீர்கள். வாடை குறைவு, உண்மைதான். ஆனால் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் போகாது.

அண்ணா, நான் டொராண்டோ. கராஜில் ரெசின் இரண்டு நாளாகியும் காயவில்லை. பேஸ்மென்டுக்குக் கொண்டு போகலாமா?

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. 15 டிகிரிக்குக் கீழே இந்த ரெசின் சோம்பேறியாகிவிடும், அதுதான் காரணம். பேஸ்மென்டில் ஃபர்னஸோ சுடுதண்ணீர்க் கொதிகலனோ நெருப்போடு இருக்கும்; ஆவி அங்கே போய்ச் சேரும். குளிர்காலம் முழுக்க வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், ரெசின் வேலையை ஜூனில் செய்யுங்கள். 405ஆவது என்று ஹேலோ கவசக்காரர்களின் குழு ஒன்று உண்டு, வட அமெரிக்காவில் ஆட்கள் நிறைய. யாராவது கூரைக்குக் கீழ் நல்ல பட்டறை வைத்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

என் மகனுக்கு எட்டு வயது. மைன்கிராஃப்ட் க்ரீப்பர் ஆக வேண்டுமாம். மாறுவேடப் போட்டி வெள்ளிக்கிழமை. (ஒரு அம்மா, சேலம்)

பயப்படாதீர்கள், இது ஒரு மாலை வேலை. அந்த முகம் 8க்கு 8 கட்டங்கள், அவ்வளவுதான். ஒரு கட்டம் 3.5 செ.மீ. வைத்தால் 28 செ.மீ. பெட்டி. மளிகைக்கடை அட்டைப்பெட்டி, பச்சையில் நாலைந்து சாயல் சார்ட் பேப்பர், ஃபெவிகால். வாயின் கறுப்புக் கட்டங்களை வெட்டி எடுத்து உள்ளே கறுப்பு வலைத்துணி ஒட்டினால் பையன் அதன் வழியே பார்க்கலாம், மூச்சும் விடலாம். ரெசின் பக்கமே போகாதீர்கள்.

பட்டி, பெயிண்ட்?

கார் பட்டறையில் போடும் அதே பட்டிதான். மெல்லியதாகப் போட்டு உப்புத்தாளால் தேயுங்கள்: 120, 220, கடைசியில் 400. கிரே ப்ரைமர் அடித்தால் எல்லாக் குறையும் வெளியே வரும். திரும்பப் பட்டி, திரும்பத் தேய்ப்பு. இந்தக் கட்டத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். காகிதம் ஒட்டுவதைவிட இதற்குத்தான் நேரம் அதிகம் ஆகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிறகு முதலில் வெள்ளி, அதன் மேல் ராணுவப் பச்சை. முனைகளில் பச்சையை லேசாகச் சுரண்டினால் உலோகம் தேய்ந்தது போல இருக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் மேட் லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும்.

முகக் கண்ணாடிக்கு என்ன செய்வது? உள்ளே வேர்த்துக் கொட்டாதா?

தங்க நிறப் பூச்சுள்ள பைக் ஹெல்மெட் வைசர் வாங்கி அளவுக்கு வெட்டுங்கள். வேர்க்கும்தான். கணினியில் இருக்கும் 40 மி.மீ. விசிறி இரண்டு, 5 வோல்ட்டில் ஓடுவதாகப் பார்த்து வாங்கி, பவர் பேங்கில் கோத்து, ஒன்று காற்றை உள்ளே இழுக்கவும் மற்றது வெளியே தள்ளவும் வையுங்கள். கீழே பார்வை சுத்தமாக இருக்காது. படிக்கட்டு, சின்னக் குழந்தை எதுவும் தெரியாது. கூடவே ஒருவர் வர வேண்டும். தண்ணீர் பாட்டிலும் ஃபெவிக்விக்கும் அவர் பையில் இருக்கட்டும்.

சென்னை காமிக் கான் ரசிகர் விழாவுக்கு மதுரையிலிருந்து ரயிலில் கொண்டுவர முடியுமா? (அதே ஆசிரியை)

முடியும். 2024 பிப்ரவரியில் சென்னையில் முதல்முறை நடந்தபோதே வெளியூர்க்காரர்கள் பெட்டி பெட்டியாகத் தூக்கி வந்தார்கள். அடுக்கும் முறைதான் முக்கியம்: முன்கை கெண்டைக்காலுக்குள், கெண்டைக்கால் தொடைக்குள், நடுவே பழைய டி-சர்ட். ஹெல்மெட் தனியாக, மடியில். பெயிண்ட் அடித்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போடும் வரிசையையும் வீட்டிலேயே பழகுங்கள். கால் பாகங்கள் முதலில். மார்புக் கவசம் போட்ட பிறகு குனிய முடியாது. அதோடு இடுப்புப் பாகத்தை மட்டும் நாடா வைத்து நிரந்தரமாகக் கட்டாமல், சட்டென்று கழற்றும் பிளாஸ்டிக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டி வரும் மேடம்.