கீட்டோஅசிடோசிஸும் அழற்சி எதிர்ப்பு மருந்தும்: மலைப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்குக் கீட்டோஅசிடோசிஸ், அதாவது இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை, வரும்போது, அழற்சியை (காயத்தையோ கிருமியையோ எதிர்க்க உடல் காட்டும் எதிர்வினையை) தணிக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் மூளையைக் காக்க முடியுமா என்பதைச் சோதித்தறிய வேண்டும் என்ற பேச்சைக் கேட்டு நீலகிரிப் பெற்றோர் பலர் எழுதியிருக்கிறீர்கள். இம்மலையில் குழந்தை மருத்துவராக இருப்பவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஊட்டி, ஒரு தந்தை: சர்க்கரை ஏறியதால் வந்தது என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். இதில் அழற்சி எங்கிருந்து வந்தது, டாக்டரம்மா?

இன்சுலின் இல்லாத உடல் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கிறது. அதில் பிறக்கும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. நீரும் உப்புகளும் சிறுநீரோடு வெளியேறி உடல் வறண்டுபோகிறது. இதுவரை பழைய பாடம். இதே வேளையில், கிருமித் தொற்று எதுவும் இல்லாமலேயே, இன்டர்லூகின் 6 போன்ற அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் உயர்வதையும் வெள்ளை அணுக்கள் கூடுவதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இப்பொருள்கள் மூளை இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தளர்த்துவதால் நீர் கசிந்து மூளை வீங்குகிறது என்பது இன்று வலுப்பெற்று வரும் கருத்து. நூறு குழந்தைகளில் ஒன்றுக்கோ அதற்கும் குறைவாகவோதான் இந்த வீக்கம் வெளிப்படையாக வருகிறது. ஆனால் அப்படி வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை இழக்கிறோம். பிழைத்தவர்களிலும் சிலருக்கு நினைவாற்றல் குறைகிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை நான் பெரிதாக நினைக்கிறேன்.

குன்னூர், ஓய்வுபெற்ற செவிலியர்: சலைனை வேகமாக ஏற்றினால் மூளை வீங்கும் என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். முப்பது ஆண்டுகள் அப்படியே செய்தோம். அது தவறா?

நீங்கள் செய்தது தவறல்ல. அன்றைய அறிவு அதுதான். அந்த அச்சத்தைச் சோதித்த பெரிய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில் 1,255 குழந்தைகளுக்கு வந்த 1,389 கீட்டோஅசிடோசிஸ் நிகழ்வுகளைச் சீட்டுக் குலுக்குவது போல நான்காகப் பிரித்து, வேகமாகவும் மெதுவாகவும், 0.9 சதவீத சலைனும் 0.45 சதவீத சலைனும் கொடுத்துப் பார்த்தார்கள். மூளைப் பாதிப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. குற்றம் சலைனின் வேகத்தில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது என்று தேடியவர்களுக்கு அழற்சியின் மீதான ஐயம் மேலும் வலுத்தது.

அதே செவிலியர் மீண்டும்: ஒரே ஓர் ஆய்வை வைத்து முப்பது ஆண்டு அனுபவத்தைத் தள்ளிவிடலாமா? என் கண்முன்னே சலைன் ஏறும்போதுதான் ஒரு பிள்ளை மயங்கியது.

உங்கள் கண் பொய் சொல்லவில்லை. சிகிச்சை தொடங்கிய முதல் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் வீக்கம் பெரும்பாலும் வெளிப்படுகிறது. எல்லாக் குழந்தைக்கும் அந்நேரத்தில் சலைன் ஏறிக்கொண்டிருப்பதால் பழி அதன்மேல் விழுகிறது. சலைன் தொடங்கும் முன்பே வீக்கத்தோடு வந்த குழந்தைகளும் உண்டு. உங்கள் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஏற்கெனவே ஆழ்ந்த மயக்கத்தில் இருந்த குழந்தைகள் அந்த ஆய்வில் மிகக் குறைவு. அவர்களிடம் இன்றும் நிதானமாகவே நடந்துகொள்ள வேண்டும்.

கூடலூர், ஒரு தாய்: அழற்சிதான் காரணம் என்றால் ஸ்டீராய்டு ஊசி போடலாமே?

கூடாது. ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றி இன்சுலினின் வேலையைக் கடினமாக்கும்; இந்த மூளை வீக்கத்தில் அதனால் நன்மை என்பதற்கு நிரூபணம் இல்லை. வீக்கம் வந்தால் இப்போது கொடுப்பது மூளையிலிருந்து நீரை இழுத்து வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் அல்லது 3 சதவீத உப்புநீர். சோதனைக்கு ஏற்றவை எனக் கருதப்படுபவை குறிப்பிட்ட ஒரு வழியை மட்டும் அடைக்கும் மருந்துகள். எடுத்துக்காட்டாக, மூட்டழற்சிக்குப் பயன்படும் அனகின்ரா இன்டர்லூகின் 1 வேலை செய்வதைத் தடுக்கிறது. ஏறத்தாழ ஒரு நாளிலேயே உடலைவிட்டுப் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் தொற்றை எதிர்க்கும் ஆற்றலையும் அது குறைக்கக்கூடும் என்பதால், காய்ச்சலோடு வந்த குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதையே முதலில் சோதித்தாக வேண்டும்.

இங்கே மலைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. அமிலத்தை வெளியேற்றக் குழந்தை ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிடும். குளிர்காலத்தில் அதைச் சளி, வீசிங் என்று நினைத்துவிடுகிறோம். அடிக்கடி சிறுநீர் போனால் குளிர் என்கிறோம். வாந்தி எடுத்தால் கொண்டை ஊசி வளைவுகளின் மேல் பழி போடுகிறோம். வீசிங் என்று எண்ணி ஸ்டீராய்டு போட்டு அனுப்பப்பட்ட ஒரு சிறுவன் இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தபோது அவனால் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கோத்தகிரி: மஞ்சள் அழற்சியைக் குறைக்கும் என்கிறார்களே?

கீட்டோஅசிடோசிஸுக்கு மஞ்சள் மருந்தல்ல. இன்சுலினை நிறுத்தாதீர்கள்.

குந்தா: மஞ்சளும் இஞ்சியும் சேர்த்துக் கஷாயம் கொடுத்தால்?

மேலே சொல்லிவிட்டேன். குழந்தை சாப்பிடாவிட்டாலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளில் இன்சுலினை ஜன்னலோரம் வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

அருவங்காடு: எனக்கு 58 வயது, சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. இந்த மருந்து எனக்கு உதவுமா?

அது என் துறையன்று. பொது மருத்துவரைப் பாருங்கள்.

பந்தலூர், ஓர் ஆசிரியர்: எங்கள் பிள்ளைகளை ஏன் சோதனைப் பொருளாக்க வேண்டும்?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. சோதிக்காமல் கொடுப்பதும் சோதனைதான். ஆனால் அதில் கணக்கும் இல்லை, காவலும் இல்லை. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், விவரம் புரியும் வயதுக் குழந்தையின் இசைவும் வேண்டும். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். சோதனையால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். மருந்து பெறாத குழுவுக்கும் சலைன், இன்சுலின், பொட்டாசியம் ஆகிய முழுச் சிகிச்சையும் கிடைக்கும். ஒப்பிடுவதற்காக அவர்களுக்குக் கொடுக்கும், மருந்துப் பொருள் இல்லாத போலி மருந்து என்பது அதற்கு மேல் சேர்க்கப்படுவது மட்டுமே.

இதில் உண்மையான சிக்கல் எண்ணிக்கை. நூற்றில் ஒன்றாக வரும் வீக்கத்தை ஒரு மருந்து பாதியாகக் குறைக்கிறது என்று உறுதிசெய்ய ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஆகவே முதலில் சிறிய ஆய்வுகளில் மருந்தின் பாதுகாப்பையும், இரத்தத்தில் அழற்சிப் பொருள்கள் குறைகின்றனவா என்பதையும், குழந்தையின் விழிப்பு நிலையையும், பிற்பாடு நினைவாற்றலையும் அளப்பார்கள். அழற்சிப் பொருள் குறைந்ததாலேயே மூளை காக்கப்பட்டது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

கோத்தகிரி, ஒரு தாய்: இத்தகைய சோதனையில் சேர்க்க என் மகனைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் செல்லலாமா?

இப்போது நலமாக இருக்கும் குழந்தைக்கு இதில் இடமில்லை. நோய் முற்றி வந்த நேரத்தில், சோதனை நடக்கும் மருத்துவமனையில்தான் சேர்ப்பார்கள். வாந்தியும் மேல்மூச்சும் உள்ள குழந்தையைச் சோதனையைத் தேடி மலையிறக்காதீர்கள். 108-ஐ அழைத்து அருகிலுள்ள மருத்துவமனையில் சலைனைத் தொடங்கிய பிறகு, அவர்கள் சொன்னால் இறங்குங்கள். சலைன் தொடங்கிக் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே இன்சுலின் சொட்டு தொடங்கப்படும். தாமதம் என்று அஞ்ச வேண்டாம்.

வீட்டில் சிறுநீர்க் கீட்டோன் பட்டை ஒரு டப்பா வைத்திருங்கள். சிகிச்சையில் குழந்தை தேறிவரும்போதும் அந்தப் பட்டை சில மணி நேரம் அடர் நிறமே காட்டும். ஏனெனில் இரத்தத்தில் மிகுந்திருக்கும் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டை அது காட்டுவதில்லை, அது மாறி வரும் அசிட்டோஅசிட்டேட்டைத்தான் காட்டுகிறது. ஆகவே மருத்துவமனையில் இருக்கும்போது பட்டையின் நிறத்தைப் பார்த்துக் கலங்காமல், இரத்தப் பரிசோதனை முடிவைக் கேளுங்கள்.