வாசகர் கேள்வி பதில்: பிரஸ்ஸல்ஸ் சட்டமும் நம் வீட்டு சார்ஜரும்

கேள்வி: சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகள் 'பிரஸ்ஸல்ஸ் விளைவு' பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஐரோப்பாக்காரர்கள் போடும் டிஜிட்டல் சட்டங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சம்பந்தம் உங்கள் வீட்டு மேசை இழுப்பறையிலேயே இருக்கும், அம்மா. எங்கள் வீட்டில் பல வருடங்களாக இரண்டு சார்ஜர் ஒயர்கள் கிடந்தன. என் போனுக்கு ஒன்று, மருமகளின் ஐபோனுக்கு ஒன்று. ஒன்றை மறந்துவிட்டு ஊருக்குப் போனால் மற்றது உதவாது. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15-இல் அந்தத் தொல்லை தீர்ந்தது. மற்ற போன்களில் உள்ள அதே யூஎஸ்பி-சி அதிலும் வந்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம்தான், 2024 கடைசியிலிருந்து எல்லாப் போன்களுக்கும் ஒரே சார்ஜர் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருந்தது. சட்டம் என்னவோ அவர்களுக்கு; போன் நம் ஊர்க் கடைக்கும் அப்படியே வந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்று விளக்கியவர் அனு பிராட்ஃபோர்ட். 'அனு' என்றதும் நம் பக்கத்துப் பெண் போலத் தோன்றும். பின்லாந்தில் பிறந்தவர், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். 2012இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதற்கு 'பிரஸ்ஸல்ஸ் விளைவு' என்று பெயர் வைத்தார். பிரஸ்ஸல்ஸ்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் உள்ள ஊர்.

அவர் சொல்வது இதுதான்: ஒன்றியத்தில் 27 நாடுகள், சுமார் 45 கோடிப் பேர், வாங்கும் சக்தி உள்ளவர்கள். அந்தச் சந்தையை விட்டுவிட எந்தக் கம்பெனிக்கும் மனம் வராது. சரி, அங்கே ஒரு மாதிரி, மற்ற ஊருக்கு வேறு மாதிரி செய்யலாமே? செலவு கூடும். அதனால் சட்டம் கடுமையாக இருக்கும் இடத்துக்கு ஏற்றபடி ஒரே மாதிரியாகச் செய்து உலகம் முழுக்க விற்றுவிடுகிறார்கள். நாடுகளுக்குள் ஒப்பந்தம், பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமலே சட்டம் கப்பலேறிவிடுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதன் மறுபக்கம். 2024 மார்ச்சில் இன்னொரு ஐரோப்பியச் சட்டத்துக்காக, தன் கடையைத் தவிர வேறு கடைகளிலிருந்தும் ஐபோனில் ஆப் இறக்கிக்கொள்ள ஆப்பிள் வழிவிட்டது. ஆனால் அப்போது ஒன்றியத்துக்குள் மட்டும். சார்ஜர் துளையை நாட்டுக்கு நாடு மாற்றத் தொழிற்சாலையையே மாற்ற வேண்டும். மென்பொருளுக்கு அந்தச் சிரமம் இல்லை. பிரிக்க முடிந்தது, பிரித்துவிட்டார்கள். பிரிக்க முடியாத இடத்தில்தான் சட்டம் ஊர் தாண்டும் என்பது பிராட்ஃபோர்டே வைத்த நிபந்தனை.

போனிலும் இணையத்திலும் உள்ள நம் தகவல்களைக் காப்பதும் மென்பொருள் சமாச்சாரம்தான். ஆகவே அதற்கு பிரஸ்ஸல்ஸை நம்பி உட்கார முடியாது. அங்கே சட்டம் எழுதுபவர்களுக்கு நாம் ஓட்டுப் போடவும் இல்லை. நமக்கென்று 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைக் காக்கத் தவறும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் மகள் அந்தப் பிரிவை நிறுத்தி நிதானமாகப் படிக்கட்டும். கட்டுரை முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.