இன்சூரன்ஸ் தொழிலை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக எந்த மாநிலம் நல்லது?

எந்த மாநிலம் என்று கேட்டிருக்கிறீர்கள், நீங்கள் கம்பெனி சார்பில் பாலிசி விற்கிற ஏஜென்டா, வாடிக்கையாளர் சார்பில் பல கம்பெனி பார்க்கிற புரோக்கரா என்று சொல்லவில்லை. சில வருஷம் ஒரே ஊரில் பாலிசி பிடித்து, இனி இங்கே ஏறாது என்று தோன்றி, பெங்களூர் போகலாமா கொச்சி போகலாமா என்று யோசிக்கிறவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெனரல் இன்சூரன்ஸ் பார்க்கிறேன். வண்டியும் கடையும்தான் முக்கால்வாசி. புதுச்சேரி நெல்லித்தோப்பில் இன்னொரு ஆபீஸ் போட்டிருக்கிறேன். "பக்கத்து ஊருக்குப் போனதெல்லாம் விரிவாக்கமா" என்று கீழே ஒருவர் வருவார், தெரியும். தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிற முள்ளோடையில் நின்று போர்டைப் படித்துவிட்டு வந்து பேசட்டும்.

லைசென்ஸுக்காக மாநிலம் தேடுகிறீர்கள் என்றால் அந்த வேலை வேண்டாம். அமெரிக்காவில்தான் மாநிலத்துக்கு ஒரு துறை, ஒரு லைசென்ஸ். அங்கே எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே குழம்புகிறவர்கள் நிறைய. நம்மிடம் எல்லாருக்கும் ஐதராபாத்தில் இருக்கிற ஐஆர்டிஏஐதான், அதாவது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் கடலூரிலும் அதே தொகை, கௌஹாத்தியிலும் அதே தொகை. நம் வண்டிக்கே ஆகிற சேதத்துக்கான ஓன் டேமேஜில், கார், பைக்குக்குப் பழைய டாரிஃப் (கட்டணப் பட்டியல்) மண்டலப்படி சென்னை, பெங்களூர், ஐதராபாத் உட்பட எட்டு நகரங்கள் ஏ, மற்றதெல்லாம் பி. கடலூரும் பி, புதுச்சேரியும் பி.

மாறுவது ஜிஎஸ்டிதான். புரோக்கர் என்றால் ஆபீஸ் போடுகிற மாநிலம் ஒவ்வொன்றிலும் தனிப் பதிவு வேண்டும், பதிவு எண் தமிழ்நாட்டுக்கு 33 என்றும் புதுச்சேரிக்கு 34 என்றும் தொடங்கும். ஏஜென்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, கமிஷன் மேல் வருகிற வரியை ரிவர்ஸ் சார்ஜில் கம்பெனியே கட்டிவிடும்.

இன்னொன்று, மேப்பைப் பார்த்து மாநிலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புதுச்சேரி ஒரே யூனியன் பிரதேசம்தான், ஆனால் காரைக்கால் நாகப்பட்டினத்துப் பக்கம், மாஹே கேரளாவுக்குள், ஏனாம் ஆந்திராவுக்குள். கிளைம் தகராறு வந்து, இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஓம்பட்ஸ்மேனிடம் போனால் புதுச்சேரியும் காரைக்காலும் சென்னை அலுவலகம், மாஹே கொச்சி, ஏனாம் ஐதராபாத். "புதுச்சேரி முழுக்கப் பிடிச்சிடலாம்" என்று என்னிடமே ஒரு கம்பெனி மேனேஜர் சொன்னார். மாஹேவில் மலையாளத்தில் யார் பேசுவது என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

நான் ஏன் புதுச்சேரி என்றால், என் வாடிக்கையாளர்கள் எனக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டார்கள். கடலூரில் ஹெல்த் பாலிசி எடுத்தவருக்கு நெஞ்சுவலி என்றால் வண்டி வடக்கேதான் திரும்புகிறது. கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுகிற கேஷ்லெஸ் கவுன்டரில் பேப்பர் தள்ள ஆள் அங்கே வேண்டும். அப்புறம் பிரான்ஸ் சங்கதி. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற குடும்பங்கள், பாரீஸில் மகன் இருக்கிற வீடுகள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவ கவர் இருக்கிற டிராவல் பாலிசி கட்டாயம், அது வருஷம் முழுக்க வருகிற வியாபாரம். இதெல்லாம் எந்த மாநிலப் பட்டியலிலும் இருக்காது.

இதில் ஒரு பாதகமும் உண்டு, அதை 2024-இல் பார்த்தேன். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது, ஒரே நாளில் 48 செ.மீ. மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் குளம். அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஆல்பேட்டையையும் குண்டு உப்பலவாடியையும் மூழ்கடித்தது, இரண்டும் கடலூர்ப் பக்கம். இரண்டு ஆபீஸ் வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் போன் போடுகிறார்கள். நடுவில் இருக்கிற ரோட்டிலேயே தண்ணீர், நான் எந்தப் பக்கம் போவது? ஒரே புயல் அடிக்கிற இரண்டு ஊரில் ஆபீஸ் வைத்தால் இதுதான் கதி. நஷ்டம் கம்பெனிக்குத்தான், ஆனால் திட்டு எனக்கு.

ரெயின்போ நகர் அண்ணன் ஒருவர், "தம்பி, கார் தண்ணியில நிக்குது, ஸ்டார்ட் பண்ணி மேட்டுல ஏத்திடட்டுமா?" என்றார். "அண்ணே, சாவியைத் தொடாதீங்க. பேட்டரி வயரைக் கழட்ட முடிஞ்சா கழட்டுங்க, அப்படியே நிக்கட்டும்" என்றேன். சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து கார்ப்பெட்டைத் தூக்கினார், சீட் பெல்ட் கொக்கி வரை சேற்றுக் கோடு. இன்ஜின் ஆயில் பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். தண்ணீர் இறங்கியிருந்தால் ஆயில் பால் காபி நிறத்தில் வரும், இது கறுப்பாகவே வந்தது. கிளைம் தகராறில்லாமல் முடிந்தது.

அதே தெருவில் இன்னொருவர் சாவியைத் திருகிவிட்டார். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. இன்ஜினுக்கென்று கூடுதலாக எடுக்கிற இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாததால், அது வெள்ளத்தின் நேரடி சேதம் இல்லை என்று இன்ஜினுக்குக் கை விரித்துவிட்டார்கள். அவருக்கு பாலிசி போட்டது நான் இல்லை, கார் வாங்கின ஷோரூம். அங்கே அந்த ஆட்-ஆன் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லையாம். "வெளியே எடுத்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் கிடையாது" என்று மட்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கேஷ்லெஸ் என்பது ஒர்க்‌ஷாப்புக்கும் கம்பெனிக்கும் இருக்கிற ஒப்பந்தம், பாலிசியை யார் விற்றார் என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? டீலர்களுக்கென்றே 2017-இல் ஐஆர்டிஏஐ விதிமுறை போட்டது, எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. யார் மதிக்கிறார்கள்? எல்லா ஷோரூமும் இப்படி என்று நான் சொல்லவில்லை, ஷோரூம்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் நீங்கள் எந்த மாநிலத்துக்குப் போனாலும் புது வண்டிக்கு இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்வீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு. உங்கள் ரெனியூவல் லிஸ்டை எடுத்து, பாலிசிதாரரின் பிள்ளைகள் எந்த ஊரில் வேலை பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். பத்துக்கு ஆறு பேர் பெங்களூர் என்றால் பெங்களூர். அப்போதும் முதலில் ஓசூரில் ஒரு சின்ன ரூம் எடுத்து உட்காருங்கள், தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவே போதும், கிளைம் என்றால் போய் நிற்கிற தூரம்தான். கொச்சிக்கு உங்களிடம் மலையாளம் பேசுகிற ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் நீங்கள் எழுதவே இல்லை.