ஸ்பானரை எங்கே நிறுத்துவது? பைக் பராமரிப்பு கேள்வி-பதில்

சொந்தக் கையால் வண்டி பார்க்கத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. சொல்லியிருக்கும் அளவுகள் 100 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிகளுக்குப் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில் என்னென்ன டூல்ஸ் வாங்கவேண்டும்? கடையில் நாற்பது உருப்படி கொண்ட பெட்டியைக் காட்டுகிறார்கள். (குடியாத்தம்)

பெட்டி வேண்டாம். அதில் பாதி உங்கள் வண்டிக்கு உதவாது. 8, 10, 12, 14, 17 அளவுகளில் ரிங் ஸ்பானர், பின் ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் ஒரு ஸ்பானர், நல்ல பிளஸ் ஸ்க்ரூ டிரைவர், நோஸ் பிளையர், காற்று அளக்கும் கேஜ், நுண்ணிய இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் போதும். பிளக் ஸ்பானர் வண்டியோடு வந்த பையிலேயே இருக்கும். ரிங் ஸ்பானர் நட்டின் எல்லா மூலைகளையும் சுற்றிப் பிடிக்கும். வாய் திறந்த ஸ்பானர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிப்பதால், இறுகிய நட்டில் வழுக்கி மூலையை மழுக்கிவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பானரைத் தண்ணீர்க் குழாய் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செயின் சத்தம் போட்டது. நானே டைட் செய்தேன். இப்போது பின்னால் ஆள் உட்கார்ந்தால் ‘கொர்ர்’ என்று இழுக்கிறது. (ஆற்காடு)

அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள். ஆள் ஏறி ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மேலே எழும்பும்போது பின் ஆக்ஸிலுக்கும் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடும் பல் சக்கரம்) இடைவெளி கொஞ்சம் கூடும். அதற்கு இடம் கொடுக்கத்தான் செயினில் தொய்வு விடுகிறோம். தொய்வு இல்லாவிட்டால் அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கிலும் பின் சக்கர பேரிங்கிலும் போய் விழும். தளர்ந்த செயின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இறுகிய செயின் சத்தமில்லாமல் பேரிங்கைத் தின்னும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் வையுங்கள். செயினின் கீழ் ஓட்டத்தில் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் நடுவே விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்த அசைவு 20 முதல் 30 மி.மீ. இருக்கவேண்டும். முழு செயின் கவர் உள்ள வண்டியில் இதைப் பார்க்க ஒரு ரப்பர் மூடி இருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள், செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மிக இறுக்கமான இடத்தில் சரியான அளவு இருக்கும்படி வையுங்கள்.

ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று கால் சுற்றாக ஒரே அளவு திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒத்திருக்கவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் கோணலாக நின்று ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகத் தேயும். ஆக்ஸில் நட்டை முறுக்கிய பிறகு தொய்வை மறுபடி அளக்கவேண்டும். முறுக்கும்போது அது கொஞ்சம் மாறிவிடும். பலர் மறப்பது கடைசி வேலையை: சக்கரம் நகர்ந்ததால் டிரம் பிரேக் ராடின் அளவும் மாறியிருக்கும். பெடலில் 20 முதல் 30 மி.மீ. வெற்று அசைவு இருக்கிறதா பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கவேண்டும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய், பழைய பிரஷ், பனியன் வேஸ்ட் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும் ஓ-ரிங் செயினின் ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும். துடைத்துக் காயவிட்டு, கீழ் ஓட்டத்தின் உட்புறத்தில் எஸ்ஏஇ 90 கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மிஞ்சியதைத் துடைத்துவிடவேண்டும், இல்லையென்றால் ரோட்டு மண் அதில் ஒட்டி அரைக்கும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்யலாம், மழையில் ஓட்டினால் அன்றே. இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயின் துடைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். துணி சிக்கினால் விரலும் சேர்ந்து போகும்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதி உயரம் வெளியே தெரிந்தால் அட்ஜஸ்ட்மென்ட் இனி உதவாது. செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள்.

வேலூர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லதா? கார் ஆயில் மிச்சம் இருக்கிறது, ஊற்றலாமா? (சத்துவாச்சாரி)

இரண்டும் வேண்டாம். ஆயில் டப்பாவில் உள்ள 10டபிள்யூ-30 போன்ற கிரேடில் வரும் 30, ஆயில் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிப்பது. வெளியே 42 டிகிரி என்றாலும் உள்ளே இருக்கும் ஆயில் அதைவிடச் சூட்டில்தான் வேலை செய்கிறது. ஹீரோ, ஹோண்டாவின் சிறிய வண்டிகளுக்கு 10டபிள்யூ-30, பல்சர் வகைகள் பலவற்றுக்கு 20டபிள்யூ-50, ராயல் என்ஃபீல்டு 350-க்கு 15டபிள்யூ-50 என்று அந்தந்த இன்ஜினின் இடைவெளிகளைப் பார்த்தே தீர்மானித்திருக்கிறார்கள். பைக்கில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் நனைந்து சுழல்கின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும், கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஆயிலில் நனையும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ குறி இருக்கிறதா பாருங்கள்.

ஆயிலை நானே மாற்ற ஆசை. எங்கே தப்பு நடக்கும்? (வாலாஜாபேட்டை)

டிரெயின் போல்ட்டில். இன்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. பலம் காட்டினால் கேஸில் உள்ள மரைதான் போகும்; அப்புறம் லேத் கடையில் ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போடவேண்டியதுதான். போல்ட்டை முதல் நாலைந்து சுற்று வெறுங்கையால் ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஸ்பானரின் நுனியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து முறுக்குங்கள். வாஷர் அமுங்கி, கையில் திடமான எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்தவேண்டும்.

இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பானதும் இறக்குங்கள். புது ஆயிலை 700 மில்லியில் நிறுத்தி, ஆயில் மூடியோடு உள்ள அளவுகோலைப் பார்த்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கும் என்பதால் டப்பா முழுவதும் பிடிக்காமல் போகலாம். இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, வண்டி நேராக நிற்கும்போது அளக்கவேண்டும். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் அளவுகோலை மரையில் முறுக்காமல் சும்மா செருகிப் பார்ப்பதுதான் முறை. மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரைக்கவைக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் ஆயில் ஏறும்.

மெக்கானிக் யாராவது மண்ணெண்ணெய் ஊற்றி இன்ஜினைக் கழுவுவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கழிவு ஆயில் சாக்கடையில் கலந்தால் பாலாற்றுக்குத்தான் போகும், ஒர்க்‌ஷாப் டிரம்மில் கொடுங்கள்.

ஏர் ஃபில்டரை கம்ப்ரசர் காற்றால் ஊதலாமா? (ராணிப்பேட்டை)

எண்ணெய்ப் பிசுக்கு உள்ள காகித ஃபில்டர் என்றால் கூடாது. ஊதினால் தாள் கிழியும், கிழிசல் வழியே மணல் சிலிண்டருக்குள் போகும். அது மாற்றத்தான், சுத்தம் செய்ய அல்ல. ஸ்பாஞ்ச் வகையை மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, ஆயிலில் தோய்த்துப் பிழிந்து போடலாம். மணல் லாரி ஓடும் சாலையில் தினமும் போகிறவர்கள் குறித்த கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுவது நல்லது.

பிளக் கறுப்பாக இருக்கிறது. (ஆம்பூர்)

உலர்ந்த புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது; முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஈரமான, ஆயில் மினுமினுப்பு என்றால் ரிங் அல்லது வால்வு சீல், அது மெக்கானிக் வேலை. வெளிறிய பழுப்பு நல்லது, சுண்ணாம்பு வெள்ளை சூட்டின் அடையாளம். பிளக் முனைகளின் இடைவெளி பெரும்பாலும் 0.8 முதல் 0.9 மி.மீ. இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள். கையால் முழுவதும் ஏற்றி, புது பிளக் என்றால் ஸ்பானரில் அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்றுக்கும் குறைவு.

மதியம் டயரில் காற்று அதிகம் காட்டுகிறது. இறக்கிவிடலாமா? (காட்பாடி)

இறக்காதீர்கள். கொதிக்கும் ரோட்டில் ஓடிய டயரில் அழுத்தம் ஏறுவது இயல்பு. அப்போது இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும், பக்கச் சுவர் மடிந்து மடிந்து இன்னும் சூடாகும். காலையில் வண்டி எடுக்குமுன் அளந்ததே கணக்கு. முன்னால் 25, பின்னால் தனி ஆளுக்கு 28 பிஎஸ்ஐ என்பது வழக்கமான அளவு. இருவர் போனால் எவ்வளவு என்பது வண்டியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும்.

பேட்டரிக்கு கேன் தண்ணீர் ஊற்றலாமா? (ஆரணி)

கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கேன் தண்ணீரிலும் உப்பு உண்டு. மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியைத் திறக்கவே வேண்டாம். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

ஏலகிரியிலிருந்து இறங்கும்போது பின் பிரேக் பிடிக்காமல் போனது. கீழே வந்ததும் சரியாகிவிட்டது. என்ன பழுது? (திருப்பத்தூர்)

பெரும்பாலும் ஓட்டியதில்தான் பழுது. 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெடலை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறி லைனிங்கின் பிடிப்பு குறையும், ஆறியதும் திரும்பும். இரண்டாவது கியரில் இறங்குங்கள், இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது ஆபத்து. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெடலை முழுவதும் மிதித்து, டிரம் தட்டில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். அது எல்லைக் குறியைத் தொட்டால் பிரேக் ஷூ தேய்ந்து முடிந்தது. அப்படி இல்லையென்றால் ராடு நட்டை அரைச் சுற்றாக இறுக்கி, சக்கரம் உரசத் தொடங்கியதும் உரசல் நிற்கும்வரை பின்வாங்குங்கள். பிறகு பிரேக் லைட் பெடலோடு சேர்ந்து எரிகிறதா பாருங்கள். முன்னால் டிஸ்க் என்றால், அதன் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், மலை இறக்கச் சூட்டில் அது கொதித்து லீவர் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பா மூடியில் எழுதியுள்ள டாட் 3 அல்லது டாட் 4 என்ற வகையைப் பார்த்து மாற்றவேண்டும். உள்ளே காற்று தங்காமல் எடுப்பதுதான் அதில் கஷ்டம். முதல் தடவை மெக்கானிக் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.