மாடிக் குஞ்சு சேவலா, பெட்டையா?

பெங்களூரு சிவாஜிநகரில் பச்சை, ரோஸ் சாயம் பூசிய குஞ்சு நாலு வாங்கினேன். எல்லாமே பெட்டை என்று வண்டிக்காரர் அடித்துச் சொன்னார். நம்பலாமா? (வாசகி, அல்சூர்)

நம்பாதீங்க. சாயக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகத்தில் கழித்துவிட்ட ஆண்கள். குஞ்சு பொரித்த அன்றே பெட்டையைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். முட்டையும் கிடையாது, சதையும் போடாது என்று மிச்சம்தான் தள்ளுவண்டிக்கு வருகிறது. நாலும் கூவத் தொடங்கும் முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடைவைத்துப் பொரித்த நாட்டுக்குஞ்சு, பத்து நாள் ஆகிறது. சிறகை விரித்துப் பார்த்தால் தெரியுமாமே? (வாசகர், ஸ்ரீராமபுரம்)

தெரியாது. சிறகு சீக்கிரம் முளைக்கும் சேவலையும் தாமதமாக முளைக்கும் பெட்டையையும் பார்த்துச் சேர்த்த கலப்பினத்தில்தான் அது பலிக்கும். அதுவும் முதல் இரண்டு மூன்று நாளைக்கு. குஞ்சின் பின்புறத்தைப் பிதுக்கிப் பார்க்கும் ஜப்பானிய முறையும் உண்டு. பழகாத கை அழுத்தினால் குஞ்சு செத்துவிடும், தொடாதீங்க.

ஐந்தாறு வாரம் பொறுங்கள். கொண்டையும் தாடியும் பெரிதாகிச் சிவந்தால், கால் தடித்தால், சேவலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கொண்டையே சிறுத்த இனங்களில் இது ஏமாற்றும். என் மாடியில் 'ராணி' என்று பேர் வைத்த கறுப்புக் குஞ்சுக்கு ஏழாம் வாரத்திலும் கொண்டை வெளிறித்தான் கிடந்தது. பதினோராம் வாரம் தீனி போடக் குனிந்தபோதுதான் பார்த்தேன்: வாலுக்கு முன்னால், முதுகின் இரு பக்கமும், ஊசி மாதிரி ஒல்லியாக, பளபளவென்று இறகு தொங்குகிறது. பெட்டைக்கு அந்த இடத்து இறகு நுனி உருண்டிருக்கும். நான் நம்புகிற அடையாளம் இது ஒன்றுதான். ராணி இன்று காலை நாலரைக்கே எழுப்பிவிட்டான்.

கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பார் எங்கள் ஆயா. நூலில் மோதிரம் கட்டியும் பார்ப்பார். (வாசகி, விவேக்நகர்)

ஆயா பாதித் தடவை ஜெயித்திருப்பார். பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான். மனிதரில் அப்பா வழியாக முடிவாவது, கோழியில் தாய் வழியாக முடிவாகிறது. ஓடு மூடும் முன்பே அது தீர்ந்த கதை. முட்டையின் வடிவமோ, அடைச் சூடோ அதை மாற்றாது.

முட்டையிட்ட பெட்டை திடீரென்று கூவுகிறது. அபசகுனம், அறுத்துவிடு என்கிறார் அத்தை. (வாசகர், அல்சூர்)

சேவல் இல்லாத கூட்டத்தில் மூத்த பெட்டை சில சமயம் கூவும். பெட்டைக்கு வேலை செய்வது இடப்பக்கச் சூலகம் மட்டும். அது கெட்டாலும் சேவல் குணம் தலைதூக்கும். முட்டை நின்றுபோயிருந்தால் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் காட்டுங்கள். தொடர்ந்து இடுகிறதென்றால் அத்தைக்கு ஒரு ஆம்லெட் போட்டுக் கொடுங்கள்.