மாசமாக இருக்கும் மருமகளுக்கு மீன் கொடுக்கலாமா?

கேள்வி: மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். ஜப்பான் அணு உலைத் தண்ணீரால் கடலிலும் அடிச்சேற்றிலும் கதிர்வீச்சு கலந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம் கரையில் கல்பாக்கமும் இருக்கிறது. மகன் ஒரு மாதமாக மீனே வாங்குவதில்லை. அயோடின் மாத்திரை கொடுக்கலாம் என்கிறான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: மீன் கொடுங்கள் அம்மா. மாத்திரை வேண்டாம்.

கதிரியக்கம் இல்லாத கடலே கிடையாது. ஒரு லிட்டர் கடல்நீரில் இயற்கையான பொட்டாசியம்-40 மட்டும் சுமார் 12 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருக்கும். உங்கள் மகன் உடம்பில் அதே பொட்டாசியம் ஏறக்குறைய 4,000 பெக்கரல். அதற்காக அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டீர்களா?

2023 ஆகஸ்டிலிருந்து ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலையிலிருந்து கடலில் விடும் நீரில் பிரிக்க முடியாமல் மிஞ்சுவது முக்கியமாக டிரிட்டியம், அதாவது கதிரியக்க ஹைட்ரஜன். அது உடம்புக்குள் போனாலும் தண்ணீரோடு தண்ணீராக, சுமார் பத்து நாளில் பாதி வெளியேறிவிடும். சேறு விஷயம் வேறு. அணு உலையில் உண்டாகும் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் களிமண்ணைப் பிடித்தால் லேசில் விடாது; பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும். 2011-இல் ஃபுகுஷிமாவில் நடந்த அணு உலை விபத்துக்குப் பிறகு அந்தக் கரையோரச் சேற்றில் அது தங்கியது உண்மைதான். அந்தச் சேறு நாகப்பட்டினத்துக்கு வரப்போவதில்லை. கல்பாக்கமும் உங்களுக்கு 200 கிலோமீட்டர் வடக்கே. அங்கே கடல்நீரையும் மீனையும் எடுத்து அளக்கவே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

மீன் வழியாக நமக்கு வரும் கதிர்வீச்சில் பெரும்பங்கு பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள். இதுவும் இயற்கையானதே. மீனின் குடலிலும் ஈரலிலும், இறாலின் தலையிலும் அதிகம் தேங்கும். நெத்திலியின் தலையைக் கிள்ளி இழுக்கும்போது கூடவே கறுப்பாக ஒரு நூல் வருமே, அதை எடுத்தாலே பெரும்பகுதி போய்விடும். நீங்கள் தினமும் செய்கிற வேலைதான்.

அயோடின் மாத்திரை, அணு உலை விபத்தில் கதிரியக்க அயோடின் பரவும்போது தைராய்டைக் காக்க மட்டும். இப்போது கொடுத்தால் வயிற்றுப் பிள்ளையின் தைராய்டுதான் கெடக்கூடும். சமையலுக்கு அயோடின் உப்பு போதும்.

எனக்குப் பயமெல்லாம் பாதரசத்தில்தான். பெரிய மீன்களில் அது சேரும். பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே சுறா வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகும் பால் ஊற சுறாப்புட்டு வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த விஷயத்தில் எந்த மாமியாரிடமும் நான் ஜெயித்ததில்லை. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி வாரம் இரண்டு மூன்று முறை குழம்பு வையுங்கள். பிரஷர் இருந்தால் மட்டும் கருவாட்டைத் தள்ளி வையுங்கள்.